நான்காவது துண்டு

நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோ கல்கத்தாவில், டாக்குரியா பகுதியில் ஒரு பழைய வீட்டின் தரைத்தளத்தில் இருக்கிறது. இரண்டே அறைகள். ஒன்றில் மைக், மற்றதில் கம்ப்யூட்டரோடு நான். நடுவில் கண்ணாடி. பஜனைப் பாட்டு, கடை விளம்பரம், பூஜை அறிவிப்பு என்று யாராவது வந்து அந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுப் போவார்கள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து இருமலையும் எச்சில் விழுங்கும் சத்தத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒட்டிக் கொடுப்பேன். பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. நாலு பேர் எதிரில் பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். காஸ் சிலிண்டர் பதிவு செய்யக்கூட என் கணவர்தான் போன் பண்ணுவார். அப்படிப்பட்டவளுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது என்று பதினோரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வருடம் துர்கா பூஜைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் போனை நீட்டிக்கொண்டே ஸ்டுடியோவுக்குள் வந்தார். அவருக்கு ஐம்பத்தேழு வயது. அவருடைய தாத்தா தூத்துக்குடியிலிருந்து இங்கே துறைமுக வேலைக்கு வந்தவர். பேச்சில் மட்டும் அந்த ஊர் இன்னும் இருந்தது.

"இதை வாசிச்சுச் சொல்லு பிள்ளை. நம்ம தமிழாளுக குரூப்புல வந்திருக்கு" என்றார்.

அக்கா படித்தது வங்காளப் பள்ளியில். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது. நான் ஏழாம் வகுப்பு வரை சேலத்தில் படித்துவிட்டு, அப்பாவின் மாற்றலோடு கல்கத்தா வந்தவள். எனக்கு வாசிக்கத் தெரியும். வாசித்தேன்.

ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைத் தமிழில் கொண்டுவருகிறார்கள். அதில் ஆற்றுக் கொள்ளைக்காரர்களுக்கு ஒரு தலைவி. ஐம்பது வயது தாண்டிய பெண் குரல் தேவை; பதிவு நாலு மாதம் நடக்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் போகாத டெமோ ரீல், அதாவது குரல் மாதிரிப் பதிவு, அனுப்ப வேண்டும். அதில் ஐந்து துண்டுகள்: கேலி, ரகசியம், களைப்பு, கோபம், தோல்வி. வரிசை மாறக்கூடாது. இசை சேர்க்கக்கூடாது. வசனம் சொந்தமாக இருக்க வேண்டும். அது போக, அடி வாங்குவது, சுவர் ஏறுவது, குதிப்பது, சாவது ஆகிய சத்தங்களைத் தனி ஃபைலாக அனுப்ப வேண்டும்.

"நமக்கு நடிப்பெல்லாம் தெரியுமா அக்கா?" என்றேன். கேட்ட பிறகு கேட்டிருக்க வேண்டாம் என்று பட்டது.

அக்கா கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "அவரு போன பிறகு வீட்டுல தமிழ் பேச ஆளில்ல. மகன் வங்காளத்துல கேக்கான், மருமவ வங்காளத்துல பதில் சொல்லுதா. நல்ல பிள்ளைகதான், குறை சொல்லல. ஆனா நான் யார்ட்ட பேச, குக்கர்ட்டயா? இதுல என்னை எடுத்தா நாலு மாசம் தமிழ்லயே பேசலாம்லா. திட்டுறதா இருந்தாலும் தமிழ்தானே."

அன்றே போய் அறைக்கு அனுமதி கேட்டேன். ஸ்டுடியோ முதலாளி ஒரு வங்காளி. அவரைத் தாதா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். மதியத்தில் அறை சும்மா கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மதியம்தான் எங்களுக்கும் வசதியாக இருந்தது. எதிர் மைதானத்தில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். காலை முழுக்க ஆணி அடிக்கும் சத்தம். ஒரு மணிக்கு ஆட்கள் சாப்பிடப் போனால் இரண்டரைக்குத்தான் திரும்புவார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் லோக்கல் ரயில்கள் போகும் நிமிடங்களைக் கழித்துவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பதிவு செய்தோம்.

வசனங்களை நான்தான் எழுதினேன். அக்காவால் காகிதத்தைப் பார்த்துப் படிக்க முடியாது என்பதால், ஒவ்வொரு வரியையும் முதலில் என் குரலில் பதிவு செய்து அவருடைய ஹெட்போனில் போடுவேன். அவர் கேட்டு, மனத்தில் வாங்கிக்கொண்டு, தன் விதத்தில் சொல்வார். எங்கள் தொழிலில் இப்படி வழிகாட்டப் போடும் குரலுக்குக் கைடு என்று பேர். யாரும் இல்லாத நேரத்தில், கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைடு பேசுவேன். பிறகு அதைக் கம்ப்யூட்டரில் கடைசி வரிசையில் போட்டு, ஒலி வராதபடி மியூட் செய்து வைப்பேன்.

கேலி ஒரே நாளில் வந்துவிட்டது. அக்கா பிறவியிலேயே கேலிக்காரர். ரகசியமும் களைப்பும் அடுத்த நாள். சாகும் சத்தத்துக்குத்தான் நாங்கள் இருவரும் சிரித்துச் சிரித்து நேரத்தை விட்டோம்.

"அஞ்சு விதமாச் சாகணுமா? ஒரு ஆளு ஒரு தடவதானே சாவான்."

"விளையாட்டுல திரும்பத் திரும்பச் சாவாங்க அக்கா. ஒரே மாதிரி செத்தா ஆடறவங்களுக்கு அலுத்துப்போயிடும்."

"நல்ல பொழப்பு" என்று சொல்லிவிட்டு அக்கா ஐந்து விதமாகச் செத்தார். அடி வாங்கும் சத்தம் சரியாக வரவில்லை என்று, தண்ணீர் நிரப்பிய வாளி ஒன்றை அறைக்குள் கொண்டுபோய்த் தூக்கித் தூக்கி வைத்தார். அந்த முக்கல் அருமையாக இருந்தது.

நின்றுபோன இடம் கோபம். வரி சின்னதுதான். 'என் ஆத்துல எனக்குத் தெரியாம படகு விட்டவன் எவன்டா? இழுத்துட்டு வாங்க அவனை.' அக்கா அதைச் சொன்னால், யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது போல இருந்தது. இருபது தடவை சொன்னார், இருபது தடவையும் விருந்துதான். அவருக்கே தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார்.

"தமிழ்ல நான் யாரையும் திட்டுனதே இல்ல பிள்ளை" என்றார். "மீன்காரன், ஆட்டோக்காரன், மேல்வீட்டுக்காரன் எல்லார்ட்டயும் வங்காளத்துலதான் சண்டை. தமிழ் பேசுனது அம்மா, அப்பா, அவரு. அவங்ககிட்ட என்னத்தத் திட்ட?"

"அவரோட சண்டையே போட்டதில்லையா?"

"போடுவேன். போட்டா பேச மாட்டேன். அதுதான் சண்டை."

எனக்கும் அப்படித்தான் என்று அப்போது யோசித்துப் பார்த்தேன். கல்கத்தாவில் எங்களைப் போன்றவர்களுக்குத் தமிழ் வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடக்கிற மொழி. தெருவில் இறங்கினால் வேறு மொழியை மாட்டிக்கொள்வோம்.

இரண்டு நாள் வீணாகப் போனது. மூன்றாம் நாள் அக்கா வரும்போதே கொதித்துக்கொண்டு வந்தார். மொட்டை மாடியில் அவர் காயவைத்த வடகத்தின் மேல் மேல்வீட்டுக்காரர் படுக்கை விரிப்பை உதறிவிட்டாராம். மைக் முன்னால் நின்று என்னிடம் சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் என்னை மறந்து அவரிடமே பேச ஆரம்பித்துவிட்டார். "கீ பேபேச்சேன் கீ ஆப்னி?" என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தொடங்கிய வங்காளம் ஏறிக்கொண்டே போனது. கண்ணாடி அதிர்ந்தது. நான் சத்தமில்லாமல் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். பிறகு எனக்கு எங்கிருந்து வந்ததோ, ஹெட்போன் வழியாக, "அக்கா, மூச்சு விடாம அப்படியே தமிழுக்கு வாங்க. படகு" என்றேன்.

அக்கா வந்தார். வடகம் கெட்ட கோபம் அப்படியே ஆற்றில் இறங்கியது. 'இழுத்துட்டு வாங்க அவனை' என்று முடித்தபோது என் கை முடி சிலிர்த்திருந்தது. சொல்லி முடித்துவிட்டு அக்கா சுவரில் சாய்ந்து நின்று, "யம்மா, இது எங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

கடைசித் துண்டையும் அன்றே முடித்துவிட்டோம். ரீலை ஒட்டிக் காட்டவா என்று கேட்டதற்கு, "நான் கேட்டா பத்துக் குறை சொல்லுவேன். நீ அனுப்பிரு" என்று போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நான் தனியாக உட்கார்ந்து ஒட்டினேன். கோபம் இருந்த வரிசையில் முன்பாதி முழுக்க வங்காள வசவு. மேல்வீட்டுக்காரரின் பெயர் வேறு மூன்று இடத்தில் வருகிறது. வெட்டி எடுக்கும்வரை தாதா கேட்டுவிடக்கூடாது என்று அந்த வரிசை முழுவதையும் மியூட் செய்தேன். தமிழ் வரி எத்தனை நொடி வரலாம் என்று ஒப்பிடக் கைடின் மியூட்டை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து விளம்பரக்காரர் ஒருவர் வந்தார். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, ஐந்து துண்டுகளின் ஒலி அலைகளும் திரையில் ஒழுங்காக நிற்பதைப் பார்த்தேன். துண்டுகள் ஒட்டிய இடங்களை மட்டும், அரை நொடி அரை நொடியாகக் கேட்டேன். தாதாவும் வேறு வேலைக்கு நடுவே ஒரு தடவை காதில் வாங்கினார். அவருக்குத் தமிழ் தெரியாது. சத்தம் சுத்தமாக இருக்கிறது என்றார். அனுப்பினேன்.

நாலாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு ஸ்டுடியோ போனுக்குச் சென்னையிலிருந்து செய்தி வந்தது. குரல்களைத் தேர்ந்தெடுக்கும் ஆள் எழுதியிருந்தார். 'கேலியும் ரகசியமும் பிரமாதம். சாகும் சத்தங்கள் நாங்கள் இதுவரை கேட்டதிலேயே நல்லவை. ஆனால் கோபம் வரவில்லை. நான்காவது துண்டு ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கிறது. அதனால் தலைவி பாத்திரத்துக்கு வேறு ஒருவரை நினைக்கிறோம். இவரைச் சந்தைப் பெண் மாதிரி ஒன்றிரண்டு வரிகளுக்கு வைத்துக்கொள்கிறோம். ஐந்து மணிக்குப் பட்டியலை மேலே அனுப்புகிறோம்.'

எனக்குக் கோபம் வந்தது. அந்த வரியையா ரயில் அறிவிப்பு என்கிறார்? ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரீலைப் போட்டேன். முதல் மூன்று துண்டுகளும் அக்கா. நான்காவது நான்.

'என் ஆத்துல எனக்குத் தெரியாம படகு விட்டவன் எவன்டா.' நடைமேடை எண்ணைச் சொல்கிற மாதிரி, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டு, ஒருவருக்கும் தொந்தரவில்லாமல் சொல்லியிருந்தேன். அக்காவின் கோபம் மியூட்டிலேயே கிடந்தது.

என் குரலை நான் கேட்பதே இல்லை. கைடு ஓடும்போதெல்லாம் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிடுவேன். அன்று கைடின் மியூட்டை எடுத்தபோதும் அப்படி இறக்கியதால்தான் நான்காவது துண்டை முழுதாகக் கேட்காமலே விட்டிருக்கிறேன். என் கூச்சத்தால் எனக்குத்தான் நஷ்டம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது ஒருவருடைய நாலு மாதத் தமிழ் போகப்போகிறது.

தாதாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சம்கூடப் பதறவில்லை. "மெஷின் கோளாறு என்று நான் ஆங்கிலத்தில் பேசிவிடுகிறேன். யாருக்கும் கெட்ட பெயர் இல்லை" என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கோளாறு என்றால் இன்னொரு ஃபைலை அனுப்பு, பார்க்கலாம் என்பார்கள். பார்க்காமலும் போகலாம். மெஷினுக்காக யார் பட்டியலை நிறுத்தி வைப்பார்கள்? நான்காவதில் பேசியது வேறு ஆள் என்று தெரிந்தால்தான் நிறுத்துவார்கள். அந்த வேறு ஆள் நான்.

சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். எழுதியதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பிறகு எண்ணை அழுத்தினேன். மணி இரண்டேமுக்கால். வெளியே மூங்கில் சத்தம் மறுபடி ஆரம்பித்திருந்தது.

"வணக்கம். நான் கல்கத்தாவிலிருந்து பேசுகிறேன். நீங்கள் கேட்ட ரீலில் நான்காவது துண்டு அந்த அம்மா பேசியது இல்லை. அது நான் பேசியது. நான் எடிட் செய்கிறவள். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாததால் நான் கைடு பேசுவேன். அது தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது."

எழுதியது அத்தோடு முடிந்தது.

"மேடம், இதை எழுதி வச்சுப் படிக்கிறீங்களா?"

"ஆமா சார்."

"அதான். இப்ப நீங்க பேசறதைக் கேட்டாலே தெரியுது, அந்த நாலாவது குரல் நீங்கதான்." அவர் சிரித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. நான் எழுதினது அவங்களை நினைச்சு."

"இல்லை சார், சரியாத்தான் எழுதியிருந்தீங்க."

"சரி, அவங்க பேசினது இருக்கா?"

"இருக்கு. இப்பவே வெட்டி அனுப்பறேன்."

"வெட்டாதீங்க" என்றார். "ஒரு தடவை ஆள் மாறிடுச்சு. வெட்டி ஒட்டினா மறுபடியும் எனக்குச் சந்தேகம் வரும். எடுத்தது எடுத்தபடி, முன்னாடி பின்னாடி இருக்கறதோட அப்படியே அனுப்புங்க. நாலரைக்குள்ள வந்தா கேக்கறேன்."

எதை ஒளிக்க மியூட் செய்தேனோ அதையே அனுப்பச் சொல்கிறார். அக்காவைக் கேட்காமல் அனுப்ப மனம் வரவில்லை. அவரைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை தாளில் எழுத நேரமில்லை. நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். என் தப்பு என்று இரண்டு தடவை சொன்னேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பேசாமல் இருந்தால் அதுதான் சண்டை என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

"என் வேசத்துக்கு நீ போட்டிக்கு வாரியாக்கும்" என்றார் கடைசியில்.

"அக்கா, சத்தியமா..."

"சரி, அழுதுராத. இப்ப என்ன செய்யணும்?"

"வெட்டாம அனுப்பணுமாம். மேல்வீட்டுக்காரரைத் திட்டினது எல்லாம் அதுல வருது. அவர் பேர்கூட."

"எத்தனை தடவை?"

"மூணு."

"அனுப்பு. அவனுக்கு மெட்ராசுல யாரைத் தெரியும்?"

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் முதலிலிருந்து கடைசி வரை, வசவு உட்பட, ஹெட்போனைக் கழற்றாமல் கேட்டேன். அனுப்பிய பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. மேஜையைத் துடைத்தேன். வயர்களைச் சுற்றி வைத்தேன். தாதா டீ வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தார். அது மண் கோப்பையில் ஆறிப்போகும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கரை ஆனது. நான்கே முக்கால் ஆனது. எதுவும் வரவில்லை.

ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது செய்தி வந்தது. 'தலைவி இவர்தான். இங்கே எல்லாரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். வங்காளம் யாருக்கும் புரியவில்லை, ஆனால் எல்லாருக்கும் பயம் வந்தது. பதிவை உங்கள் ஸ்டுடியோவிலேயே செய்துகொள்ளலாமா?' அதற்குக் கீழே முதல் நாளுக்கான வசனங்கள், ஏழு பக்கம்.

எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது. மதியம் சாப்பிட்டிருந்தேன், ஆனாலும் அப்படி ஒரு பசி. முக்குக் கடைக்குப் போய் முட்டை ரோல் ஒன்று வாங்கி நின்றபடியே தின்றேன். இன்னொன்றும் வாங்கித் தின்றேன். கடைக்காரர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். அவரிடம் பேரம், விசாரிப்பு எதுவும் இல்லாமல் விரலைக் காட்டியே பல வருடமாக வாங்கிக்கொண்டிருந்தவள் நான். அன்று அவரிடம், மிளகாய் கொஞ்சம் கூடிப்போச்சு தாதா, நல்லா இருக்கு என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அக்கா ஸ்டுடியோவில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லிவிட்டுப் போன செய்தியைத் தாதா அவரிடம் சொல்லியிருக்கிறார். அக்காவின் கண் சிவந்திருந்தது, ஆனால் பேச்சு மாறவில்லை.

"ஏ பிள்ளை, முதல்ல அந்த நாலாவது துண்டைப் போடு. நீ பேசுனதைக் கேக்கணும்."

"வேண்டாம் அக்கா."

"போடுங்கேன்."

போட்டேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையைச் சாய்த்து, முகத்தை மாற்றாமல் முழுக்கக் கேட்டார். நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன், போகவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா இவ கூட்டத்துல கொள்ளைக்காரனுவ எல்லாம் சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கிட்டுப் போயிருவானுவ."

நான் சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்தார். தாதாவுக்கு எதுவும் புரியாமல் அவரும் சிரித்தார்.

"இதை அழிச்சிரட்டுமா?" என்று கேட்டேன்.

"அழி, இல்ல வச்சுக்க. அதுவா முக்கியம்? ஏழு பக்கம் வந்திருக்காமே. நான் எப்படிப் படிக்க? நாளைக்கு மதியத்துக்குள்ள நீ பேசி வச்சாத்தானே எனக்கு ஆகும்."

எதிர் மைதானத்தில் அன்றைய வேலை முடிந்து சத்தம் அடங்கியிருந்தது. நான் வசனங்களை எடுத்துக்கொண்டு மைக் இருக்கும் அறைக்குள் போனேன். அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் நாற்காலியிலேயே இருந்தார். எப்போதும்போல முதுகைக் காட்டித் திரும்பப் போனேன்.

"இங்க பாத்துப் பேசு பிள்ளை" என்று ஹெட்போனில் அவர் குரல் கேட்டது. "வாயசைவு தெரிஞ்சா எனக்குச் சுலுவா இருக்கும்."

நான் கண்ணாடியைப் பார்த்து நின்றுகொண்டு முதல் வரியைப் படிக்க ஆரம்பித்தேன்.